எச்7-ல பிஷப்பை எப்போ கொடுக்கலாம்? பசங்களுக்கு அட்டாக் சொல்லித்தர வழி கேட்கிறேன்

பாலக்கோடு கட்டம்:

வணக்கம். பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளிப் பசங்களுக்கு சாயங்காலத்துல செஸ் சொல்லித்தர்றேன். ஃபோர்க் (ஒரே காய் ரெண்டைத் தாக்கறது), பின் (காயை நகர விடாம கட்டிப்போடறது), டிஸ்கவர்டு செக் (முன்னாடி இருக்கற காய் விலகினதும் பின்னாடி இருக்கற காய் கொடுக்கற செக்) எல்லாம் படத்துல காட்டினா சட்டுனு கண்டுபிடிக்கறாங்க. ஆனா தருமபுரியில போட்டின்னு போய் உட்கார்ந்தா கணக்கே இல்லாம காயைக் கொடுத்துடறாங்க. ரெண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருது.

ஒண்ணு: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, பிஷப் சி5. இங்கயே 4. பிஷப்பால எஃப்7-ஐ வெட்டி செக். ராஜா வெட்டினதும் 5. குதிரை ஜி5 செக்.

ரெண்டு: எதிராளி ராஜா பக்கம் கேஸ்லிங் (ஒரே நகர்த்தல்ல ராஜா ஓரமா ஒதுங்கி, யானை அதைத் தாண்டி வர்றது) பண்ணின உடனே எச்7-ல பிஷப்பைக் கொடுக்கறது. சில தடவை அழகா மேட் ஆகுது, பல தடவை காய் குறைஞ்சு தோத்துப் போறாங்க.

"காய் கொடுக்காதே"னு சொல்லி பயந்து ஆடற பசங்களா மாத்த எனக்கு மனசில்லை. அந்த ஆசை இருக்கறதாலதான் தினமும் வர்றாங்க. எப்போ கொடுக்கலாம், எப்போ கூடாதுன்னு எப்படிச் சொல்லித்தர்றது? எந்தெந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தைக் காட்டலாம்? பசங்களும் இதைப் படிப்பாங்க, அதனால கட்டத்தின் பேரெல்லாம் தமிழ்லயே எழுதுங்க.

ஓசூர் 64:

சார், ரெண்டு தப்புக்கும் காரணம் ஒண்ணுதான். கொடுத்த காய்க்குப் பின்னாடி அடுத்து எந்தக் காய், எந்தக் கட்டத்துக்கு வரப்போகுதுன்னு பார்க்கறதில்லை.

முதல் உதாரணத்தை எடுங்க. 5. குதிரை ஜி5 செக் வெச்ச உடனே டி8-ல இருக்கற ராணிக்கு இ7, எஃப்6 ரெண்டும் காலி. நேரா வந்து குதிரையை வெட்டும். "6. டி4 போட்டா சி1 பிஷப் ராணியைத் தாக்குமே"னு பசங்க சொல்லுவாங்க. ராணி ஜி2 சிப்பாயை வெட்டிட்டு எச்1 யானை மேல பாயும். வெள்ளை வெளிய எடுத்திருந்ததே ரெண்டு காய்தான், ரெண்டும் போச்சு. இது பழுக்காத மாங்காயைக் கல்லால அடிச்சு விழவைக்கற வேலை.

அதே எஃப்7-ல சரியான தியாகத்தைப் பக்கத்துலயே வெச்சுக் காட்டுங்க. 3. பிஷப் சி4, குதிரை எஃப்6 4. குதிரை ஜி5, டி5 5. இ சிப்பாய் டி5-ஐ வெட்ட, கறுப்பு குதிரையால திருப்பி வெட்டினா 6. குதிரை எஃப்7-ஐ வெட்டும், ராஜா குதிரையை வெட்டும், 7. ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காப்பாத்தணும்னா ராஜாவே இ6-க்கு வந்து நடுவுல நிக்கணும். 8. குதிரை சி3. இப்ப டி5 மேல பிஷப், ராணி, குதிரைன்னு மூணு காய் பாயுது. கொடுத்தது ஒண்ணு, தாக்கறது மூணு. கறுப்பு 5-ஆவது நகர்த்தல்ல வெட்டாம சி6 குதிரையை ஏ5-க்கு எடுத்துட்டா இந்தக் கதையே கிடையாது. அப்போ பி5-ல பிஷப் செக் கொடுத்துட்டு சாதாரணமா ஆடணும்.

இப்போ எச்7. இதை ஒரு முழு ஆட்டமா வெச்சுப் பாருங்க:

1. இ4 இ6 2. டி4 டி5 3. குதிரை சி3, பிஷப் பி4 4. பிஷப் டி3, குதிரை எஃப்6 5. இ5, எஃப்6 குதிரை டி7-க்குப் போகும் 6. குதிரை எஃப்3, கறுப்பு கேஸ்லிங். 7. பிஷப் எச்7-ஐ வெட்டி செக்!

இதுல 5. இ5-தான் உயிர். எஃப்6-ல குதிரை இருந்தா எச்7 பிஷப்பை அந்தக் குதிரையே வெட்டிடும், விஷயம் முடிஞ்சுது. சிப்பாயை ஏத்தி அந்தக் காவலாளியை விரட்டின பிறகுதான் பிஷப்பைத் தொடணும்.

7... ராஜா வெட்டும். 8. குதிரை ஜி5 செக். இப்ப கறுப்புக்கு முக்கியமா நாலு வழி, நாலையும் பிஷப்பைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கணும்.

ராணி ஜி5 குதிரையை வெட்டினா சி1 பிஷப் ராணியை வெட்டும். அதனாலதான் சி1-லிருந்து ஜி5 வரைக்கும் வழி திறந்திருக்கணும்.

ராஜா எச்6-க்கு வந்தா குதிரை எஃப்7-ஐ வெட்டும். குதிரையும் செக், சி1 பிஷப்பும் செக். டபுள் செக்னா ராஜா நகர்ந்தே ஆகணும், அடுத்து டி8 ராணி போகும்.

ராஜா ஜி8-க்குத் திரும்பினா ராணி எச்5, அடுத்து எச்7-ல மேட். டி7 குதிரை எஃப்6-க்கு வந்து தடுத்தா இ5 சிப்பாய் வெட்டிடும், மேட் மிரட்டல் அப்படியே நிக்கும். அதனால யானையை இ8-க்கு நகர்த்தி ராஜாவுக்கு வழி விடணும். இங்கதான் பசங்க அவசரப்பட்டு எச்7-ல செக் வைப்பாங்க. வெச்சா ராஜா எஃப்8, அப்புறம் எச்8-ல செக், ராஜா இ7, ஜி7-ஐ வெட்டினாலும் செக் இல்லை, ராஜா தப்பிச்சுக்கும். முதல்ல எஃப்7-ஐ வெட்டி செக் வைக்கணும். வரிசை இது: 10. ராணி எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா எச்8 11. ராணி எச்5 செக், ராஜா ஜி8 12. ராணி எச்7 செக், ராஜா எஃப்8 13. ராணி எச்8 செக், ராஜா இ7 14. ராணி ஜி7-ஐ வெட்டி மேட். டி6, எஃப்6 ரெண்டு கட்டத்தையும் இ5 சிப்பாய் அடைச்சு வெச்சிருக்கும். விரட்டப் போன சிப்பாய்தான் கடைசியில வலையையும் பின்னுது. இதைப் பலகையில நிறுத்திக் காட்டும்போது பசங்க முகத்தைப் பாருங்க.

நாலாவது வழி, ராஜா ஜி6. இதுதான் கஷ்டம். பலரும் இந்த வழியைப் பார்க்காமலே பிஷப்பைக் கொடுத்துடுவாங்க. ராணி ஜி4 வந்து நிக்கணும். எஃப்5-னு சிப்பாய் ஏறினா ராணி ஜி3. இப்ப ஜி5 குதிரை எங்க நகர்ந்தாலும் ராணியோட செக் திறக்கும், இ6-ஐ வெட்டினா டி8 ராணி, எஃப்8 யானை ரெண்டு மேலயும் பாயும். எச்4, எச்5-னு ஓரத்துச் சிப்பாயை ஏத்தறதும் இங்க நல்ல உதவி. ஜி6-க்கு பதில் தெரியாத பையனுக்கு எச்7-ஐத் தொட அனுமதி இல்லைன்னு ஒரு சட்டமே போடலாம்.

தகடூர் யானை:

ஓசூர்க்காரர் கணக்கைச் சொல்லிவிட்டார். ஆட்டங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் காட்ட வேண்டியது பால் மார்ஃபி 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் பிரன்ஸ்விக் கோமகனும் ஐசுவார் பிரபுவும் சேர்ந்து ஆட, அவர்களுக்கு எதிராக ஆடிய ஆட்டம். 17 நகர்த்தல்கள்தான், ஒரு வகுப்பில் முடித்துவிடலாம்.

1. இ4 இ5 2. குதிரை எஃப்3, டி6 3. டி4, பிஷப் ஜி4 4. டி சிப்பாய் இ5-ஐ வெட்ட, பிஷப் எஃப்3-ஐ வெட்டும் 5. ராணி எஃப்3-ஐ வெட்ட, டி சிப்பாய் இ5-ஐ வெட்டும் 6. பிஷப் சி4, குதிரை எஃப்6 7. ராணி பி3, ராணி இ7.

இங்கே நிறுத்துங்கள். பி7 சிப்பாய் சும்மா கிடக்கிறது. எடுக்கலாமா என்று கேளுங்கள். எடுத்தால் கறுப்பு பி4-இல் ராணி செக் கொடுத்து ராணிகளை மாற்றிக்கொள்ளும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், ஆனால் தாக்குதல் அணைந்துவிடும். மார்ஃபி அதை விட்டுவிட்டு 8. குதிரை சி3 என்று இன்னொரு காயை வெளியே எடுத்தார். அவர் பிறகு செய்த தியாகங்கள் எல்லாம் நிற்பது இந்த அமைதியான நகர்த்தலின் மேல்தான். பிள்ளைகள் கடைசி ராணித் தியாகத்துக்குக் கைதட்டுவார்கள். நீங்கள் அவர்களை எட்டாவது நகர்த்தலில் சற்று நேரம் உட்கார வையுங்கள்.

8... சி6 9. பிஷப் ஜி5, பி5 10. குதிரை பி5-ஐ வெட்டும், சி சிப்பாய் குதிரையை வெட்டும் 11. பிஷப் பி5-ஐ வெட்டி செக், பி8 குதிரை டி7 12. ராணி பக்கம் கேஸ்லிங், யானை டி8 13. யானை டி7-ஐ வெட்டும், யானை திருப்பி வெட்டும் 14. இன்னொரு யானை டி1, ராணி இ6 15. பிஷப் டி7-ஐ வெட்டி செக், குதிரை வெட்டும் 16. ராணி பி8 செக்! குதிரை வெட்டியாக வேண்டும் 17. யானை டி8 மேட்.

முடிவில் வெள்ளையிடம் ராஜாவையும் சிப்பாய்களையும் தவிர மிச்சம் ஒரு யானை, ஒரு பிஷப். இரண்டும் மேட்டில் இருக்கின்றன. கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் ஆட்டம் முழுவதும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. பலகையில் காய்களை எண்ணினால் கறுப்பு அதிகம். சண்டை நடந்த இடத்தில் எண்ணினால் வெள்ளை அதிகம். பாலக்கோட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணிக்கையைத்தான்.

அடுத்து, இன்னும் சின்னது வேண்டுமென்றால் ரெட்டி, டார்ட்டகோவரை 1910-இல் வியன்னாவில் 11 நகர்த்தல்களில் வென்ற ஆட்டம். 9. ராணி டி8 செக் என்று ராணியைக் கொடுத்து, 10. பிஷப் ஜி5 டபுள் செக். ராஜா சி7 போனால் பிஷப் டி8 மேட், இ8 போனால் யானை டி8 மேட். டபுள் செக்கின் வலிமைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

ஆண்டர்சன், கீசரிட்ஸ்கி இருவரும் 1851-இல் லண்டனில் ஆடிய 'அழியா ஆட்டம்' பார்க்க ஆனந்தம். இரண்டு யானை, பிஷப், ராணி எல்லாம் கொடுத்து மேட். ஆனால் தொடக்கத்தில் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. நடுவில் இருவருமே நல்ல நகர்த்தல்களை விட்டிருக்கிறார்கள். காயைக் கொட்டிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் அது வளர்த்துவிடும்.

பாலக்கோடு கட்டம்:

ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றி ஓசூர் சார். ஒரு சந்தேகம். எச்7 தியாகத்துல கறுப்பு ஏற்கனவே யானையை எஃப்8-லிருந்து இ8-க்கு நகர்த்தியிருந்தா? இன்னொண்ணு, கறுப்போட பிஷப் பி4-ல இல்லாம இ7-ல இருந்தா? போட்டியில இந்த ரெண்டும்தான் அதிகமா வருது.

ஓசூர் 64:

ரெண்டுமே ஆபத்தானது.

யானை இ8-ல இருந்தா எஃப்8 காலி. ராணி எச்5 வந்ததும் டி7 குதிரை எஃப்8-க்கு இறங்கி எச்7-ஐக் காத்துக்கும். எஃப்7-ஐ வெட்டி செக் வெச்சாலும் ராஜா எச்8, மேட் இல்லை. பிஷப்பைக் கொடுத்து ரெண்டு சிப்பாய் கையில இருக்கும், அவ்வளவுதான். அட்டாக்கைத் தொடரணும்னா யானை மாதிரி இன்னொரு காய் இ3 வழியா எச்3-க்கோ ஜி3-க்கோ வர முடியணும். வர முடியலைன்னா கொடுக்காதீங்க.

பிஷப் இ7-ல இருந்தா ஜி5 குதிரையை அது வெட்டும். நீங்க சி1 பிஷப்பால திருப்பி வெட்டினா கறுப்பு ராணி அதையும் வெட்டும். இதுக்கு மருந்து எச்4 சிப்பாய். வெள்ளை கேஸ்லிங் பண்ணாம எச்1-ல யானை நின்னு, எச்4-ல சிப்பாய் இருந்தா, பிஷப் ஜி5-ஐ வெட்டினதும் எச் சிப்பாய் அதை வெட்டும். எச் வரிசை திறந்து யானை செக். ராஜா ஜி8, ராணி எச்5. எஃப் சிப்பாயை நகர்த்தி ராஜா ஓடப் பார்த்தா சிப்பாய் ஜி6 ஏறி எஃப்7-ஐ அடைச்சிடும், அடுத்து எச்8-ல மேட். அதனால இ7-ல பிஷப்பைப் பார்த்தா முதல்ல எச்4, அப்புறம்தான் எச்7.

இன்னொரு ஓட்டை: கறுப்போட வெள்ளைக்கட்ட பிஷப். இ6-ல சிப்பாய் இல்லாம சி8 பிஷப்புக்கு வழி இருந்தா, ராணி எச்5 வந்ததும் அது எஃப்5-ல நின்னு எச்7-ஐக் காக்கும். ஏ6-ல இருந்தா டி3-க்கு வந்தும் அதையே செய்யும். பி1-லிருந்து எச்7 வரைக்கும் போற மூலைக் கோட்டை விரலால ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொல்லுங்க. பயிற்சியில மட்டும், போட்டியில கண்ணாலதான்.

ஊத்தங்கரை ஃபோர்க்:

நம்ம ஆனந்த் ஆட்டம் இல்லாம இந்தப் பேச்சு முடியக் கூடாது. 2013, நெதர்லாந்துல இருக்கற வைக் ஆன் ஸீ. அரோனியன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு, 23 நகர்த்தல்.

ஆனா அதுக்கு முன்னாடி பசங்களுக்கு மூச்சுமுட்டி மேட் (சொந்தக் காய்களே சுத்தி அடைச்ச ராஜாவுக்குக் குதிரை வைக்கற மேட்) தெரியணும். ராஜா எச்8, சிப்பாய்கள் ஜி7, எச்7, யானை எஃப்8. வெள்ளைக் குதிரை எச்6-லயும் ராணி மூலைக் கோட்டுலயும் நின்னு, ஜி8-ல இருந்த ராஜாவுக்கு டபுள் செக் கொடுத்ததாலதான் அது எச்8-க்கு வந்திருக்கு. இப்ப ராணி ஜி8 செக். யானை வெட்டியே ஆகணும், குதிரை எஃப்7 மேட். பசங்க கவனிக்காத நுணுக்கம்: யானை ஜி8-க்குப் போனதாலதான் எஃப்7-க்குக் காவல் போச்சு. கறுப்புக் குதிரை எஃப்6-ல இருந்து அது ஜி8-ஐ வெட்டினா, யானை எஃப்8-லயே நிக்கும், எஃப்7-க்கு வந்த குதிரையை வெட்டிடும். படம் ஒரே மாதிரி இருக்கும், முடிவு தலைகீழ்.

இப்போ ஆனந்த் ஆட்டம். 13-ஆவது நகர்த்தல்ல அரோனியன் குதிரையால எச்7 சிப்பாயை வெட்டறார். ஆனந்த் அதைத் தொடல, 13... குதிரை ஜி4. 14. எஃப்4, சி சிப்பாய் டி4-ஐ வெட்டும் 15. இ சிப்பாய் திருப்பி வெட்டும், 15... பிஷப் சி5! டி4 சிப்பாய்க்கு முன்னாடியே பிஷப்பைக் கொண்டுபோய் வைக்கறார். 16. பிஷப் இ2, டி7 குதிரை இ5! இன்னொரு காயும் வெட்டுல. எஃப் சிப்பாய் இ5 குதிரையை வெட்டினா என்னன்னு பசங்களையே கண்டுபிடிக்க விடுங்க: ராணி டி4-ஐ வெட்டி செக், ராஜா எச்1, ராணி ஜி1 செக்! சி5 பிஷப் காவல் இருக்கறதால ராஜா வெட்ட முடியாது. யானை வெட்டும், குதிரை எஃப்2 மேட். சி5-ல பிஷப் ஏன் வந்துச்சுன்னு அப்போதான் புரியும்.

அரோனியன் அதைத் தவிர்த்து 17. பிஷப் ஜி4-ஐ வெட்டினார். முடிவுல 22... ராணி எச்5, 23. ராணி டி3, பிஷப் இ3! அரோனியன் தோல்வியை ஒத்துக்கிட்டார். ஏன்? டி3 ராணி மூணாவது வரிசை வழியா எச்3-ஐக் காத்துக்கிட்டு இருந்துச்சு, பிஷப் அந்த வழியை மறிச்சிடுச்சு. ஜி2 சிப்பாயை பி7 பிஷப் பின் பண்ணி வெச்சிருக்கு, அதனால ராணி எச்3-ஐ வெட்டினா திருப்பி வெட்ட ஆளில்லை. இ3 பிஷப்பை வெள்ளைப் பிஷப் வெட்டினாலும் ராணி எச்3 செக், ராஜா ஜி1, ராணி எச்2 மேட். செக்கும் இல்லாம, எதையும் வெட்டாம, வழியில போய் நின்னே ஆட்டத்தை முடிச்ச நகர்த்தல். எனக்கு இந்த ஆட்டத்துலயே மிகவும் பிடிச்சது இதுதான்.

ரூபின்ஸ்டைன் 1907-ல வூட்ஜ் நகரத்துல ராட்லெவியை ஜெயிச்ச ஆட்டத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு கறுப்புப் பிஷப்பும் ராஜா மேல பாயற அதே அமைப்பு. அங்க 22... யானை சி3-ஐ வெட்டும், 23... யானை டி2, 25... யானை எச்3. பெரியவங்க ஆட்டத்துல பழைய வடிவம் எப்படித் திரும்ப வருதுன்னு பத்தாவது படிக்கற பசங்க நல்லாவே பிடிச்சுக்குவாங்க.

பாலக்கோடு கட்டம்:

அருமை. சனிக்கிழமை வகுப்புல மார்ஃபியை வெச்சு ஆரம்பிக்கறேன், ஆனந்த் ஆட்டம் பெரிய பசங்களுக்கு. பயிற்சியை எப்படி நடத்தறது? கம்ப்யூட்டர் கிடையாது. பலகையும் எல்லாருக்கும் போதாது.

தகடூர் யானை:

பலகை குறைவாக இருப்பது இதற்குத் தடையே இல்லை. ஒரு நிலையைச் சுவர்ப் பலகையில் வையுங்கள். யாரும் காயைத் தொடக் கூடாது. ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும்: என் நகர்த்தல், எதிராளியின் மிகச் சிறந்த பதில், அதற்கு என் பதில். முதல் நகர்த்தலை மட்டும் சரியாக எழுதியவருக்கு மதிப்பெண் கிடையாது. முதலில் எல்லா செக்குகள், பிறகு எல்லா வெட்டுகள், பிறகு மிரட்டல்கள் என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள். எதிராளியின் பதில்களையும் அதே வரிசையில் தேட வேண்டும். பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

எச்7 தியாகத்துக்கு ஆறு நிலைகள் தயார் செய்யுங்கள். மூன்றில் பலிக்க வேண்டும், மூன்றில் பலிக்கக் கூடாது. யானை இ8, பிஷப் இ7, எஃப்6 குதிரை என்று ஓசூர்க்காரர் சொன்ன வேறுபாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை. எல்லாவற்றிலும் விடை "கொடு" என்று இருந்தால் பிள்ளைகள் பலகையைப் பார்க்காமல் விடையை மட்டும் எழுதிவிடுவார்கள். "கொடுக்கக் கூடாது, ஏனென்றால்..." என்று காரணத்தோடு எழுதுபவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

போட்டி நாளில் பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வரும் பஸ்ஸில் மார்ஃபி ஆட்டத்தைக் கண்ணை மூடி முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் வெள்ளை நகர்த்தலைச் சொல்ல, அடுத்தவர் கறுப்பைச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். தாளில் எழுதிப் பார்ப்பது வகுப்புக்கு மட்டும். போட்டியில் நகர்த்தலை ஆடிய பிறகுதான் குறிப்புத் தாளில் எழுத வேண்டும். முன்கூட்டி எழுதுவதை விதி அனுமதிக்காது, நடுவர் எச்சரிப்பார். தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பதும் அப்படித்தான். எச்7-ஐ நினைத்துப் பிஷப்பைத் தொட்ட பிறகு இ7-இல் கறுப்புப் பிஷப் இருப்பதைப் பார்த்தால் டி3 பிஷப்பையே வேறு கட்டத்துக்கு நகர்த்த வேண்டிவரும். எண்ணி முடிக்கும் வரை கை மேசைக்குக் கீழே இருக்கட்டும்.